ஐந்தாண்டு உழைத்த கேமை ஏன் கைவிடுகிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

(சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்து கேம் நிறுவனங்களில் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது தனியாகக் கணக்குத் தொழில் செய்துவரும் நம் பத்தியாளர், இந்த இதழில் வீடியோ கேம் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, நான் தேசிய சேவையில் இருக்கிறேன். ‘பர்ஃபெக்ட் டார்க்’ கேம் புதிதாக வரும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2025 ஜூலையில் ரத்து என்றார்கள். அதைச் செய்துகொண்டிருந்த, மைக்ரோசாஃப்ட்டின் ‘தி இனிஷியேட்டிவ்’ ஸ்டூடியோவையும் மூடிவிட்டார்கள். இத்தனை ஆண்டு சம்பளம் கொடுத்துவிட்டு யாராவது இப்படிச் செய்வார்களா? முடித்து விற்றிருந்தால் போட்டதில் பாதியாவது தேறியிருக்காதா?
– வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, ‘போட்டதில் பாதி’ என்று நிதி இயக்குநர் முன்னால் பேசினால் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். போனது போனதுதான், முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அது செலவான பணம். அந்தக் கூட்டத்தில் கேட்கப்படுவது ஒன்றே: இன்று முதல் வெளியாகும் நாள் வரை இன்னும் எவ்வளவு வேண்டும், வெளியான பின் எவ்வளவு வரும்?

அந்த ‘இன்னும் எவ்வளவு’ நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. முதல் ஓரிரு ஆண்டுகள் ஒரு சிறு குழு கதையோடும் மாதிரிகளோடும் முட்டி மோதும். ஓவியர்கள், அசைவூட்டக் கலைஞர்கள், சோதனையாளர்கள், வெளிநாட்டுத் துணை ஒப்பந்தக்காரர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் வந்து சேர்வது பிற்பாதியில். 2023ல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த ஓர் ஆவணத்தில் சோனியின் எண்கள் வெளியே தெரிந்துவிட்டன: ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2’ உருவாக்க ஏறத்தாழ 220 மில்லியன் அமெரிக்க டாலர், ‘ஹொரைசன் ஃபர்பிட்டன் வெஸ்ட்’ உருவாக்க 212 மில்லியன். (எண்களை மறைக்கப் பூசிய கறுப்பு மார்க்கரை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருக்கலாம்.) விளம்பரம் தனி. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கேம் என்றால் வெளியான பிறகும் செலவு நிற்காது. சோனியின் ‘நாட்டி டாக்’ ஸ்டூடியோ ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கதையை வைத்து அப்படி ஒன்றைச் செய்து, 2023 டிசம்பரில் கைவிட்டது. வெளியிட்டால் பல ஆண்டுகளுக்கு ஸ்டூடியோவின் ஆட்பலம் முழுவதும் அதைப் பராமரிப்பதிலேயே போய்விடும் என்று அவர்களே காரணம் சொன்னார்கள்.

எப்படியோ முடித்து விட்டுவிடலாம் என்று இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சோனியிடமே உதாரணம் இருக்கிறது. ‘கான்கார்ட்’ என்ற இணைய கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. செப்டம்பர் 6 அன்று நிறுத்தினார்கள், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதலுக்கே மோசம்.

ஆகவே ரத்து செய்வதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் வருவது தாமதத்தைப் பார்த்துத்தான்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் (பெயரைச் சொல்ல ஒப்பந்தம் விடாது) கேம்களுக்குப் பறவைகளின் பெயர்களைச் சங்கேதமாக வைப்பார்கள். ‘மீன்கொத்தி’ தேறாது என்று அந்தத் தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒவ்வொரு காலாண்டும் என் விரிதாளில் அதன் வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகும். எதிர்பார்க்கும் விற்பனை மட்டும் ஒரு வெள்ளிகூடக் குறையாது. காரணம் இருக்கிறது. பன்னாட்டுக் கணக்கியல் விதிகளின்படி, முடித்து விற்க முடியும் என்று காட்டத்தக்க கட்டத்தைத் தொட்ட பிறகு, உருவாக்கத்துக்கு ஆகும் பணம் செலவாக எழுதப்படாமல் சொத்தாக ஏட்டில் உட்காரும். கைவிட்ட அன்று அத்தனையும் மொத்தமாக நட்டத்தில் விழும். எந்த மேலாளர் தன் காலாண்டில் அதை விழ விடுவார்? விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னும் விடுவார். ஒருவழியாக மீன்கொத்தியை மூடியது புதிதாக வந்த மேலாளர்தான். பழி போட அவருக்கு முன்னவர் இருந்தார். மூடிய பிறகும் குரல் நடிகர்களின் பில்கள் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. அடுத்த கட்டம் முடிந்ததும் விருந்து என்று பிரியாணிக்குக் கொடுத்த முன்பணம் திரும்பவே இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தேதிகளைப் பாருங்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை எடுத்த லூக்காஸ்ஃபிலிமை வாங்குவதாக 2012 அக்டோபரில் டிஸ்னி அறிவித்தது. 2013 ஏப்ரலில் அதன் கேம் பிரிவான லூக்காஸ்ஆர்ட்ஸ் முடங்கியது, செய்துகொண்டிருந்த ‘ஸ்டார் வார்ஸ் 1313’ கேம் அதோடு போயிற்று. 2023 அக்டோபரில் கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்ட் மைக்ரோசாஃப்ட் கைக்கு வந்தது. அடுத்த ஜனவரியில் பிளிசார்ட் ஆறு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்த ஒரு கேம் ரத்தானது. 2023 ஜனவரியில் பிரெஞ்சு கேம் நிறுவனமான யூபிசாஃப்ட் மூன்று கேம்களைக் கைவிட்டபோது, ஏட்டில் சொத்தாக வைத்திருந்த உருவாக்கச் செலவில் சுமார் 500 மில்லியன் யூரோவை ஒரே அறிவிப்பில் கழித்தது. உங்கள் ‘பர்ஃபெக்ட் டார்க்’ விவகாரத்துக்கு வருவோம்: மைக்ரோசாஃப்ட்டின் நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. ரத்துச் செய்தி வந்தது ஜூலை 2 அன்று, புதிய நிதியாண்டின் இரண்டாம் நாளில், ஏறத்தாழ 9,000 பேரை வேலையிலிருந்து நீக்கும் அறிவிப்போடு. கணக்குப் பிரிவில் இருந்த எவருக்கும் அந்தத் தேதி ஆச்சரியம் தந்திருக்காது.

கேள்வி: வரியை மிச்சப்படுத்தத்தான் ரத்து செய்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நட்டத்தைக் காட்டினால் வரி குறையும், உண்மை. ஆனால் நம் ஊர் நிறுவன வரி 17 விழுக்காடு. நூறு வெள்ளியைத் தொலைத்துவிட்டுப் பதினேழு வெள்ளியை மிச்சம் பிடிப்பதை எந்த வணிகரும் லாபம் என்று சொல்ல மாட்டார். ரத்து செய்ய முடிவெடுத்த பின் அதை எந்த ஆண்டுக் கணக்கில் சேர்ப்பது என்று பார்க்கும்போது வரி ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ ஏன் ரத்தாகவில்லை?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: ஒன்-நார்த் காப்பிக்கடைகளில் பல ஆண்டுகள் ஓடிய கேள்வி இது! யூபிசாஃப்ட்டின் சிங்கப்பூர் ஸ்டூடியோ செய்த இந்தக் கடற்கொள்ளையர் கேம், 2013ல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃப்ளாக்’ கேமின் கடற்சண்டைகளிலிருந்து முளைத்தது. 2017ல் அறிவித்தார்கள். ஒத்திவைப்புக்கு மேல் ஒத்திவைப்பாகி 2024 பிப்ரவரி 16 அன்று கரை சேர்ந்தது. மானியத்துக்கு ஈடாக இங்கிருந்து அசல் கேம்களை வெளியிட வேண்டும் என்று சிங்கப்பூர் அரசாங்கத்துடன் உடன்பாடு இருப்பதால்தான் இதைக் கைவிட முடியவில்லை என்று 2021ல் கோட்டாக்கு என்ற கேம் செய்தி இணையத்தளம் எழுதியது. அது முழுக் காரணமாக இருக்காது என்பது என் எண்ணம். மேலே சொன்ன ஏட்டுக் கணக்கு இங்கேயும் வேலை செய்திருக்கும்.

வெளியான சமயத்தில் யூபிசாஃப்ட்டின் தலைவர் ஈவ் கில்மோ இதை ‘நான்கு ஏ’ தரம் என்றார். பெரிய கேம்களுக்கு வழக்கமாகச் சொல்வது மூன்று ஏ. அப்போது நான் விளையாடிப் பார்த்தேன். கடல் அவ்வளவு அழகு. அலை எழும்பும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் கப்பலை விட்டு இறங்கி வாளைச் சுழற்ற வழியில்லாத கொள்ளையர் கதையை என்னவென்று சொல்வது? சில ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டு, அந்தக் கடலைச் செய்தவர்களிடம் வேறொரு கேமைக் கொடுத்திருக்கலாம்.

கேள்வி: எல்லாம் பணம்தானா? கேம் நன்றாக வராததால் நிறுத்துவதே இல்லையா?
– ஆசிரியை, அங் மோ கியோ

பதில்: உண்டு, டீச்சர். பிளிசார்ட் ‘டைட்டன்’ என்ற பெரிய கேமை ஏழு ஆண்டுகள் செய்துவிட்டுக் கைவிட்டதாக 2014ல் அறிவித்தது. விளையாடினால் மகிழ்ச்சி வரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அதன் மிச்சங்களிலிருந்துதான் 2016ல் ‘ஓவர்வாட்ச்’ வந்தது. இதற்கு நேர்மாறாக, நன்றாக வந்தும் நின்றது நின்டெண்டோவின் ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’. ஏறத்தாழ முடிந்த நிலையில், புதிய கருவிகள் வரப்போகின்றன, இது பழசாகத் தெரியும் என்று 1990களில் அலமாரியில் வைத்துவிட்டார்கள். 2017ல் வெளியிட்டார்கள். அந்த மாதிரி அதிருஷ்டம் மிக அரிது.

கேள்வி: என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கேம் உருவாக்கம் படிக்கிறாள். இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. வேறு துறைக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், பொங்கோல்

பதில்: மாற்ற வேண்டாம், சகோதரி. ஆனால் ஒரு சங்கடத்தை அவளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். அறிவிக்கப்படாத கேம் ரத்தானால், அதில் நான்கு ஆண்டு உழைத்திருந்தாலும் அதன் பெயரைக்கூட விண்ணப்பத்தில் எழுத முடியாது; இரகசியக் காப்பு ஒப்பந்தம் தடுக்கும். செய்த ஓவியத்தையும் காட்ட முடியாது. நேர்காணலுக்கு வந்து, கைகளைப் பிசைந்துகொண்டு, ‘செய்தேன், ஆனால் சொல்ல முடியாது’ என்று உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் இருக்கும்போதே, தோழிகளோடு சேர்ந்து, பத்து நிமிடத்தில் ஆடி முடிக்கிற அளவுக்காவது ஒரு கேமை முழுதாக முடித்து வெளியிடச் சொல்லுங்கள். அது அவள் கையில் இருக்கும்.

வேலைக்குச் சேருமுன் அந்த ஸ்டூடியோ கடைசியாக எப்போது ஒரு கேமை வெளியிட்டது என்று கேட்கட்டும். பெரும்பாலான பிள்ளைகள் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் ஆட்குறைப்பு அனுகூலம் (ஆட்குறைப்பில் வேலை போனால் தரும் தொகை) பற்றிய வரி இருக்கிறதா என்பதையும் கையெழுத்திடுவதற்கு முன் பார்க்கட்டும். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு, ஓராண்டுச் சேவைக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம் என்று மனிதவள அமைச்சு சொல்கிறது. அந்த வரி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.