எருசலேமில் சாலொமோனின் ஆலயத்தைத் தேடுபவர்களுக்கு

கேள்வி: சபையார் சேர்ந்து எருசலேமுக்குப் புனிதப் பயணம் போகிறோம். அழுகைச் சுவர் சாலொமோன் ஆலயத்தின் மிச்சம் என்கிறார்கள் சிலர், ஏரோது கட்டியது என்கிறார்கள் சிலர். எது சரி? அரை நாள்தான் கிடைக்கும், எதைப் பார்ப்பது?

பதில்: யூதேயாவின் அரசர் ஏரோது தொடங்கிய சுவர் என்பதே சரி. ஆனால் அது ஆலயத்தின் சுவர் இல்லை. ஆலயம் நின்ற மலையை அகலப்படுத்தி மேடையாக்குவதற்காகச் சுற்றிலும் எழுப்பிய தாங்குசுவரின் மேற்குப் பகுதி. சாலொமோனின் ஆலயத்தை கி.மு. 586-இல் பாபிலோன் அரசர் நேபுகாத்நேச்சாரின் படை எரித்துவிட்டது. அதில் நாம் போய்ப் பார்க்கும்படி எதுவும் மிஞ்சவில்லை.

சுவர் முன் நிற்கும்போது கற்களின் ஓரத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு கல்லின் முகத்தைச் சுற்றியும் சட்டம் போட்டதுபோல ஒரு பட்டை செதுக்கியிருப்பார்கள். அதுதான் ஏரோது காலத்து வேலையின் அடையாளம். தரையிலிருந்து 7 வரிசை அப்படி இருக்கும். அதற்கு மேலே உள்ளவை பிற்காலத்தவை. கி.மு. 20 வாக்கில் ஏரோது தொடங்கிய வேலை அவர் காலத்தில் முடியவில்லை. இதே சுவரின் தென்கோடியில் அடிவரிசைக்குக் கீழே, கி.பி. 17-18-இல் ரோம ஆளுநர் வலேரியஸ் கிராத்தஸ் வெளியிட்ட காசுகள் கிடைத்தன. ஏரோது இறந்து 20 ஆண்டுக்குப் பிறகும் அங்கே வேலை நடந்திருக்கிறது!

நேரம் குறைவு என்பதால் நான் சொல்வது ஒன்றுதான்: ஜெபம் முடிந்ததும் தெற்கே ஒட்டியிருக்கும் தொல்லியல் பூங்காவுக்குப் போய்விடுங்கள். டிக்கெட் தனி. பல குழுக்கள் இதை விட்டுவிடுகின்றன, வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். தென்மேற்கு மூலையில் முதல் நூற்றாண்டுத் தெரு அப்படியே கிடக்கிறது. கி.பி. 70-இல் ரோமர்கள் மேலிருந்து தள்ளிய கற்கள் அதன்மேல் குவியலாக இருக்கின்றன. விழுந்த வேகத்தில் தளக்கற்கள் நொறுங்கி உள்வாங்கியிருப்பதைக் குனிந்தாலே பார்க்கலாம். இப்படி விழுந்த கல் ஒன்றில் ‘எக்காளம் ஊதும் இடத்துக்கு’ என்று எபிரெயத்தில் வெட்டியிருந்தது. ஓய்வுநாள் பிறக்கும்போது ஆசாரியர் நின்று ஊதிய மூலை அது.

கிளம்புவதற்கு முன் எஸ்றா 6-ஆம் அதிகாரத்தை வாசித்துவிடுங்கள். எரிந்த சாலொமோன் ஆலயத்துக்குப் பதிலாக எழுந்த இரண்டாம் ஆலயம் பாரசீக ராஜா கோரேஸின் அனுமதியில் தொடங்கி, பின்வந்த ராஜா தரியுவின் காலத்தில் கி.மு. 515-இல் முடிந்தது. செலவு அரசு வருவாயிலிருந்து வந்தது. பதிலுக்கு, ராஜாவுக்காகவும் அவர் பிள்ளைகளுக்காகவும் அங்கே மன்றாட வேண்டும். என்னைப் பொறுத்தவரை, அந்த ஆலயத்தின் கதையைத் திறக்கும் சாவி இந்த வசனம்தான். பேரரசுகள் மாறின, ஏற்பாடு ஏறக்குறைய அதேதான். ரோமர் காலத்தில் பேரரசருக்காகத் தினமும் பலி செலுத்தினார்கள். கி.பி. 66-இல் ஆலயத் தலைவர் எலெயாசர் அந்நியர் தரும் காணிக்கையை ஏற்கக் கூடாது என்று அந்தப் பலியை நிறுத்தியதே போருக்கு அடித்தளம் என்று எழுதுகிறார் அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். நான்கே ஆண்டில் ரோமத் தளபதி தீத்துவின் படை ஆலயத்தை எரித்தது. அப்புறம், யூதர்கள் ஆண்டுதோறும் ஆலயத்துக்குச் செலுத்திய வரியை ரோமின் ஜூபிடர் கோயிலுக்குக் கட்டச் சொன்னார் பேரரசர் வெஸ்பாசியன்.

இன்னொரு அரை நாள் கிடைத்தால் இஸ்ரேல் மியூசியத்துக்குப் போங்கள். எக்காளக் கல்லின் அசல் அங்கேதான் இருக்கிறது. பூங்காவில் இருப்பது நகல். வெளியே 1:50 அளவில் அழிவுக்கு முந்தைய எருசலேமின் மாதிரி இருக்கிறது. அதில் முதலில் தென்மேற்கு மூலையைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் பார்த்த கற்கள் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தன என்பது புரியும்.