டிசைன் கண்ணாடித் தட்டில் பொடிக் குமிழ்: சூட்டை ஏற்றினால் போகுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ஜன்னலுக்குப் போடுகிற 4 மி.மீ. பின்ஹெட் (பொடிப் புள்ளி) டிசைன் கண்ணாடியில் இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சின்ன மின்சாரச் சூளையில் 810 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றித் தட்டு செய்கிறேன். நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஏகப்பட்ட குமிழ் நிற்கிறது. கண்ணாடி விற்றவர் "840 வரை ஏற்றுங்கள், எல்லாம் வெளியே போய்விடும்" என்கிறார். ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். கண்ணாடித் தொழிற்சாலையில் குமிழை வெளியேற்ற உலையை 1,450, 1,500 டிகிரி அளவுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தச் சூட்டில்தான் குமிழ் ஏறி வெளியே வரும் அளவுக்குக் கண்ணாடி நீர்த்துப்போகும். 840-ல் அது இன்னும் படு கெட்டி. உள்ளே மாட்டிய காற்று விரிந்து பக்கத்துக் குமிழோடு சேர்ந்து பெரிதாகும், சிலது மேலே வெடித்துக் கூர்மையான விளிம்போடு பள்ளம் விடும், அவ்வளவுதான் நடக்கும். காற்று மாட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி, மாட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

எந்தப் பக்கத்தை எந்தப் பக்கத்தோடு வைத்தீர்கள் என்று எழுதவில்லை. டிசைன் பக்கம் உள்ளே இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். விரலால் தடவிப் பாருங்கள், குழி குழியாக இருந்தால் ஒவ்வொரு குழியும் காற்றை மூடிவைக்கும் ஒரு டப்பா. வழவழப்பான பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்குங்கள். அப்போது கீழ்த்துண்டின் டிசைன் சூளைத் தட்டின் மேல் உட்காரும், அங்கேயும் காற்று மாட்டும் என்பதால் அடியில் 1 மி.மீ. ஃபைபர் பேப்பர் (சூளைச் சூட்டைத் தாங்கும் இழைத் தாள்) விரித்துவிடுங்கள், காற்று அதன் வழியாகப் போய்விடும். கண்ணாடியில் விரல் ரேகையோ ஈரமோ இருக்கக் கூடாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, பலரும் இதில் குழம்புவதால் விரிவாகவே சொல்கிறேன். நீள நீளக் கோடாக வரும் வரிக் கண்ணாடி இருக்கிறதே, அதன் பள்ளங்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை திறந்தே இருக்கும். அதனால் வரிப் பக்கத்தை உள்ளே வைத்து மேலே வழவழப்பான துண்டைப் போட்டாலும், மெதுவாகச் சூடேற்றினால் காற்று அந்தக் கால்வாய் வழியாக ஓடிவிடும். ஆனால் ஓரத்தில் பார்டர் மாதிரி வேறு துண்டு வைத்து அந்த வாயை அடைத்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டு வரிக் கண்ணாடியைக் குறுக்கும் நெடுக்குமாக முகத்தோடு முகம் வைத்தால் கட்டம் கட்டமாக வரிசையாகக் குமிழ் வரும், அதை வேண்டுமென்றே அழகுக்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பின்ஹெட் கண்ணாடிக்கு இந்த விலக்கு பொருந்தாது.

அடுத்தது வேகம். மணிக்கு 150 டிகிரி வீதம் 600 வரை போங்கள், அங்கிருந்து மணிக்கு 50 வீதம் 680 வரை ஏற்றி, அங்கேயே முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். மேல்துண்டு மெல்லத் தொய்ந்து, ஓரம் ஒட்டிக்கொள்வதற்குள் காற்றை வெளியே தள்ளுவதற்கான நேரம் இது. சூடேற்றும் கம்பிச்சுருள் பக்கச் சுவரில் இருக்கும் சூளை என்றால் ஓரம்தான் முதலில் இளகும், அதனால் இன்னும் பொறுமை வேண்டும், நான்கு மூலையிலும் அதே கண்ணாடியின் நெல் அளவுச் சில்லை இடையில் வைப்பதும் உதவும். அப்புறம் மணிக்கு 200 வீதம் 810, பத்து நிமிடம் போதும். இறங்கும்போது 545-ல் ஒரு மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 60 வீதம் 400 வரை இறக்கி அணைத்துவிடுங்கள். 100-க்குக் கீழே வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். சூளையின் வெப்பமானி பத்து இருபது டிகிரி முன்னே பின்னே காட்டலாம், முதலில் சின்னத் துண்டில் பாருங்கள்.

சூளையோடு வரும் 'ஃபுல் ஃப்யூஸ்' (துண்டுகளை முழுதாக உருக்கி ஒட்டுவது) பட்டனை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் அமெரிக்கக் கலைக் கண்ணாடிக்காக எழுதிய கணக்கு. அந்த வகையில் ஒரு பிராண்டான புல்ஸ்ஐ கண்ணாடியை 482 டிகிரியில் நிறுத்தி ஆற்றுவார்கள், ஜன்னல் கண்ணாடிக்கு அது போதாது, வாரம் கழித்து அலமாரியில் இருக்கும்போதே விரிசல் விடும். சூளை விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை, ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று வாங்கிக்கொண்டு ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுக்கக்கூட மனம் வருவதில்லை.

இதைவிட மோசம் இடைத்தரகர்கள். எந்தத் தொழிற்சாலைச் சரக்கு என்று அவர்களுக்கே தெரியாது, லேபிளைக் கிழித்துவிட்டு 'ஃப்யூசிங் கண்ணாடி', 'சி.ஓ.இ. 90' என்று விலையை ஏற்றி விற்கிறார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்த வகையே இல்லை. அந்த எண் சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதை மட்டும்தான் சொல்லும். எண் ஒத்துப்போனாலும் இரண்டு கண்ணாடி சேர்ந்து வாழும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. மேல்துண்டும் கீழ்த்துண்டும் ஒரே ஷீட்டிலிருந்து வெட்டியதாக இருக்கட்டும். கதவிலிருந்து கழற்றிய டஃபன்டு (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவேற்றிய) கண்ணாடியை மலிவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதில் கட்டரை வைத்தால் தூள் தூளாகப் போகும்.

இன்னொன்று, 810-ல் மேலே இருக்கும் டிசைன் உருகி மழுங்கிவிடும். உங்களுக்கு டிசைன்தான் முக்கியம் என்றால் இரண்டு துண்டை ஒட்டவே வேண்டாம். 5 அல்லது 6 மி.மீ. டிசைன் கண்ணாடி ஒரே துண்டாக வாங்கி, ஓரத்தைத் தேய்த்து, அச்சின் மேல் வைத்து 680 வாக்கில் தொய்யவிடுங்கள். டிசைன் பெரும்பாலும் அப்படியே நிற்கும், இரண்டு துண்டுக்கு நடுவே மாட்டும் குமிழுக்கும் இடமில்லை. அச்சின் அடியில் காற்று போக ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே குமிழோடு வந்த தட்டுகளை மறுபடி சூளையில் வைக்க வேண்டாம். வெடித்த குமிழ் உள்ளதில் சாப்பாடு பரிமாறாதீர்கள்.