வடகப் பொட்டலத்தில் வந்த கதை

கேள்வி: நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வளர்ந்தவள். படிக்கிற காலத்தில் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் எடுக்கும் புத்தகங்களை ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடுவேன். கல்யாணமாகி பாரீஸ் வந்து ஆறு வருஷம் ஆகிறது. பிரெஞ்சுப் பாடம், ஆபீஸ் காகிதம் தவிர எதையும் முழுசாகப் படிக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த நாவல்களில் இருபது பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை. வாசிக்கிற சுகமே எனக்குப் போய்விட்டதா, அம்மா?
– ஒரு வாசகி, பாரீஸ்

பதில்: போகவில்லை அம்மா. ஆறு வருஷமாக நீங்கள் படித்த ஒவ்வொரு பக்கமும் உங்களிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இது பரீட்சைக்கு வருமா என்று. பகலெல்லாம் அப்படிப் படித்த கண், ராத்திரி தமிழ் நாவலைத் திறந்தாலும் அதே பதற்றத்தோடுதான் வரி பார்க்கும்.

நானும் பிரான்ஸில் லியோன் நகரத்தில் நான்கு வருஷம் இருந்தவள். ஒருமுறை அம்மா அனுப்பிய வெங்காய வடகம், பழைய வாரப் பத்திரிகைத் தாளில் பொட்டலமாக வந்தது. தாளில் ஏதோ தொடர்கதையின் நடுப்பக்கம். முன்கதை தெரியாது, முடிவும் கிடைக்காது. எண்ணெய் காய்ந்து புகை வரும்வரை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சோகக் கதையெல்லாம் இல்லை, மளிகைக் கடை வாசலில் இரண்டு பேர் போடும் வாய்ச்சண்டை, அவ்வளவுதான். என்னிடம் எதுவும் கேட்காத ஒரு பக்கத்தைப் பார்த்து அத்தனை நாளாகியிருந்தது.

அதனால் அந்த நாவல்களை இப்போதைக்கு மேலே எடுத்து வைத்துவிடுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் பல தொகுதிகளாக வந்திருக்கிறது. ஒன்றை வரவழையுங்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை நம் ஊரில் நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எல்லாம் உண்டு. வரிசையாகப் படிக்க வேண்டியதே இல்லை. கைக்கு வந்த தேதியைத் திறங்கள், ரயிலில் ஒரு பக்கம், தூங்கும் முன் ஒரு பக்கம். பழைய நடை முதலில் கொஞ்சம் இடறும். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் ஊர்க்கதை சொல்வது போலக் காதில் விழ ஆரம்பிக்கும். பிரபஞ்சன் இதிலிருந்துதான் நாவல்கள் எழுதினார். 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய ‘வானம் வசப்படும்’ அதில் ஒன்று. நாட்குறிப்பு பிடித்துப்போனால் நீங்களே அதைத் தேடுவீர்கள்.

பிரெஞ்சை விட வேண்டாம். பாரீஸ் நகராட்சி நூலகங்களில் புத்தகம் எடுக்க உறுப்பினர் கட்டணம் கிடையாது. காமிக்ஸ் அலமாரிக்குப் போய், படங்களைப் பார்த்துப் பிடித்ததை எடுங்கள். அகராதியை மட்டும் தொடாதீர்கள். பிடிக்காவிட்டால் பாதியில் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

நாட்குறிப்பு வந்து சேர்ந்ததும் எந்தத் தேதியில் திறந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். நானும் இங்கே அதே பக்கத்தை எடுத்துப் படிக்கிறேன்.