லோங்காங் (வடிகால்) அடைத்தால் யாரைக் கேட்பது? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

தேர்தல் விதி, ஊராட்சி, மாநில அதிகாரம் பற்றிக் கேள்விகளை எழுதித் தருமாறு மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மக்களிடம் சொல்லியிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் வாக்குச்சாவடிப் பொறுப்பும் பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்தன. எந்தக் கட்சி நல்ல கட்சி என்று கேட்டவற்றை ஒதுக்கிவிட்டேன். அதற்குக் காப்பிக்கடை இருக்கிறது.

தாமான் (குடியிருப்பு) வீட்டு அம்மா ஒருவர்: வாத்தியாரே, வீட்டு முன்னாலே லோங்காங் அடைச்சு நாத்தம் தாங்கல. ஓட்டுக் கேட்க வந்த ஒய்பிகிட்டே சொல்லியும் ஒண்ணும் நடக்கல.

எந்த ஒய்பி என்பதுதான் கேள்வி அம்மா. நமக்கு இரண்டு பேர். சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர். லிந்தாங் அல்லது ஜாலோங் சட்டமன்ற உறுப்பினர் இன்னொருவர். லோங்காங், குப்பை, தெருவிளக்கு, பாசார் (சந்தை) எல்லாம் ஊராட்சி மன்றத்தின் வேலை. நமக்கு அது கோல கங்சார் நகராண்மைக் கழகம். ஊராட்சி மாநில அரசின் பட்டியலில் வருவதால் சட்டமன்ற உறுப்பினர் பேச்சுக்கு அங்கே கொஞ்சம் எடை கூடுதல். அதற்கும் முன்னால் உங்கள் வட்டாரக் கவுன்சிலர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மாநில அரசு நியமித்தது. ஒரு மன்றத்தில் 8 முதல் 24 கவுன்சிலர்கள் வரை இருக்கலாம், ஒரு நியமனம் 3 ஆண்டுக்கு மேல் போகாது. புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

தோட்டத்தில் இன்னும் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் ஒருவர்: எங்க ரோட்டுக்கு மட்டும் கவுன்சில் லோரி வர மாட்டேங்குதே?

தோட்டத்துக்குள் ரோடு கம்பெனி நிலத்தில் ஓடுகிறது அண்ணே. அங்கே உங்களுக்கான சட்டம் வேறு: தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், எண் 446. வீடு, தண்ணீர், துப்புரவு நிர்வாகத்தின் பொறுப்பு. தொரை கேட்கவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள், ஒய்பி வீட்டுக்கு அல்ல.

பெயர் வேண்டாம் என்ற தம்பி: சார், பிரதமர் யார் வரணும்னு ஓட்டுப் போடுறோம். குப்பை அள்ளுற கவுன்சிலருக்கு ஏன் ஓட்டு இல்லை?

இருந்தது தம்பி. நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1955இல்தான். பினாங்கு ஜார்ஜ்டவுன்காரர்கள் அதற்கு முன்பே, 1951 டிசம்பரில், நகராண்மைக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். 1952இல் கோலாலம்பூர். கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிரான அவசரகாலத்தில் கம்பி வேலிக்குள் அடைத்த புதுக்கிராமங்களுக்குக்கூட, தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க அதே ஆண்டில் சட்டம் வந்தது. ஜார்ஜ்டவுன் மாநகரமானது 1957இல். அதன் முதல் மேயர் யார் தெரியுமா? டி.எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர், தமிழர். பினாங்கில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அதில் மோட்டாரில் போகிற நம் பிள்ளைகள் பலருக்கு அவர் யாரென்று தெரியாது.

இங்கே ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி நகராண்மையைப் பிடித்தது. மத்தியில் ஒரு கூட்டணி, நகரத்தில் எதிர்க்கட்சி. மத்தியில் இருந்தவர்களுக்கு அது இனித்திருக்காது.

1965இல் இந்தோனேசிய மோதலைக் காட்டித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். மோதல் மறு ஆண்டே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைத்தார்கள். ஆளும் கூட்டணியில் இருந்த ம.இ.கா.காரர் (மலேசிய இந்தியக் காங்கிரஸ்), வழக்கறிஞர், எதிர்க்கட்சி ஆள் அல்ல. ஆணையம் 1968இல் அறிக்கை கொடுத்தது: தேர்தல் வேண்டும் என்று. அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம், எண் 171, 15ஆவது பிரிவில் ஊராட்சித் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. தற்காலிகம் என்று சொன்னது நிரந்தரமானது இப்படித்தான்.

அதே தம்பி: மாநிலம் நினைத்தால் திரும்பக் கொண்டு வரலாமா?

பினாங்கு முயன்று பார்த்தது. 2012இல் மாநிலச் சட்டம் இயற்றினார்கள். 2014இல் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. 171ஆம் சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். தேர்தல் வந்தால் நகரங்கள் ஒரே இனத்தின் கைக்குப் போய்விடும் என்று ஒரு சாரார் அஞ்சுகிறார்கள். அதைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. ஆனால் அதற்கு மருந்து தொகுதி எல்லையையும் ஓட்டு முறையையும் சரியாக அமைப்பது. ஓட்டையே பறிப்பது அல்ல. இது என் கருத்து.

ஓர் அக்கா: தமிழ்நாட்டுல எங்க பெரியப்பா ஊர்ல பஞ்சாயத்துத் தேர்தல் ஒழுங்கா நடக்குதாமே?

ஒழுங்காக என்று சொல்ல முடியாது. 1992இன் 73ஆவது திருத்தம் இந்திய அரசியல் சட்டத்திலேயே ஊராட்சித் தேர்தலை எழுதி வைத்தது. 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். தமிழ்நாடு அதைப் பாதியாக உயர்த்தியது, நல்ல காரியம். ஆனால் 2016இல் காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு அங்கே 2019 டிசம்பரில்தான் தேர்தல் தொடங்கியது. சில மாவட்டங்கள் 2021 வரை காத்திருந்தன. இடையில் அதிகாரிகள் ஆண்டார்கள். இலங்கையில் மாகாண சபைகள் 1987இன் 13ஆவது திருத்தத்தால் வந்தவை. 2014க்குப் பிறகு அவற்றுக்குத் தேர்தலே இல்லாமல் ஆண்டுகள் ஓடின. சட்டத்தில் எழுதியிருந்தும் இந்த நிலை. நம்மிடம் அந்த எழுத்தும் இல்லை.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்) ஒருவர்: சபா, சரவாக்குக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?

சலுகை இல்லை ஐயா, 1963 ஒப்பந்தம். மற்ற மாநிலங்களோடு வரிசையில் நின்று சேர்ந்தவர்கள் அல்ல, நிபந்தனை பேசி மலேசியாவை உருவாக்கியவர்கள். குடிநுழைவு அதிகாரம் அவர்கள் கையில் இருப்பது அதனால்தான். நாம் மலாயாவிலிருந்து போனாலும் அங்கே சோதனை உண்டு.

ஒரு கடைக்காரர்: எங்க தொகுதியில ஜெயிச்சவருக்குப் பாதி ஓட்டுக்கூட இல்லை. இது என்ன கணக்கு?

அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி, அவ்வளவுதான் கணக்கு. மூன்று நான்கு பேர் மோதினால் பாதி தேவையில்லை. 2022இல் 222 இடங்களில் எந்தக் கூட்டணிக்கும் 112 கிடைக்காததும் இந்தப் பன்முனைப் போட்டியில்தான். தொகுதி அளவும் சமம் இல்லை: அந்தத் தேர்தலில் பாங்கியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், சரவாக்கின் இகானில் 30 ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒரே ஒரு உறுப்பினர்.

ஜெர்மனியில் ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிப் பட்டியலுக்கு. கட்சிக்குக் கிடைக்கும் மொத்த இடத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது. நியூசிலாந்தும் 1996 முதல் அப்படித்தான். நம் மாதிரி நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் சமூகத்துக்கு இது யோசிக்க வேண்டிய முறை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமான்களுக்குப் போனபின், எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. எங்கும் சிறுபான்மைதான். தராசு முள்ளை அசைக்கலாம், தட்டை இறக்க முடியாது. பட்டியல் முறையில் அந்தச் சிதறிய ஓட்டுகள் ஒன்றாக எண்ணப்படும். குறையும் உண்டு: பட்டியலில் யார் பெயர் மேலே வரும் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். நம் கட்சிகளின் உள்தேர்தலைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம்.

ஒரு தாய்: மகன் ஷா ஆலாமில் வேலை. 21 வயது. பதிவு செய்யணுமா?

வேண்டாம். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் பதிவு தானாக நடக்கும். ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள முகவரிதான் தொகுதி. பெயர் ஏறிய பிறகு வீடு மாறினால், ஐசியில் முகவரியை மாற்றிவிட்டுத் தேர்தல் ஆணையத்திடமும் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் இரண்டாவதை மறந்துவிட்டு, ஓட்டு நாளில் நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கிறார்கள்.

கடைசியாக ஒரு சீட்டு: நகராண்மைக் கழகக் கூட்டத்தில் நாம் போய் உட்காரலாமா?

உட்காரலாம். அதே 171ஆம் சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது; மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. அங்கே நீங்கள் எழுந்து பேச முடியாது, பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம். கூட்டத் தேதியைக் கழகச் செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். நான்கைந்து பேர் வருவதென்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.