திக்கிப் பேசும் மேலாளரை மேடையேற்றலாமா?

கேள்வி: வார இறுதிகளில் சென்னையில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறேன். திக்கிப் பேசும் என் அலுவலக மேலாளரைப் போல நடித்துக்காட்டும் பகுதிக்குத்தான் அதிகக் கைதட்டல். நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் அதை நீக்கச் சொல்கிறார். புண்படுத்தக்கூடிய நகைச்சுவையை நானே குறைத்துக்கொள்ள வேண்டுமா? சட்டச் சிக்கல் வருமா?

பதில்: யாருமே புண்படக் கூடாது என்று தொடங்கினால், அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றி மேடையில் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. அத்தகைய கட்டுப்பாட்டை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் இந்தப் பகுதியை இப்போதுள்ள வடிவில் தொடர வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்ததாகக் கூறப்பட்ட ஓர் இந்தித் திரைப்படம் தொடர்பான வழக்கில், குறைபாட்டைப் பற்றிய சமூகத்தின் தவறான எண்ணங்களைக் கேள்வி கேட்கும் நகைச்சுவையையும், குறைபாடு உள்ளவரையே இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. உங்கள் பகுதி இரண்டாவது வகையில் விழுகிறது. அரங்கம் சிரிப்பது அவருடைய நாக்கு தடுமாறுவதைப் பார்த்துத்தான்.

காட்சியை இப்படி மாற்றிப் பாருங்கள். விடுப்புக் கேட்டு நிற்கும் ஊழியரிடம் மேலாளர் "லீவு கிடை..." என்று சொல்லி நிற்கிறார். உடனே ஊழியர், "கிடைக்குமா சார்? ரொம்ப நன்றி!" என்று கும்பிட்டுவிட்டு வெளியேறுகிறார். மேலாளர் "...யாது" என்று முடிக்கும்போது அறையில் யாருமில்லை. திக்குவதை நடித்துக்காட்ட வேண்டிய தேவையே இல்லை, ஒரு சிறு இடைவெளி போதும். சிரிப்பு ஊழியரின் தந்திரத்தின் மேல் போய் விழும். அவர் உங்கள் மேலாளர்தான் என்று அடையாளம் தெரியாதபடி அலுவலகத்தையும் மாற்றிவிடுங்கள். ஏனெனில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுவெளியில் வேண்டுமென்றே அவமதிப்பதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. திக்குவாய் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்தை உங்கள் செலவில் நடத்த வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்வையாளரிடம் பேச்சுக்கொடுத்து ஊர், தெரு என்று விசாரித்துச் சாதியை நெருங்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை அறவே தவிர்த்துவிடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானால் பொதுவாக முன்ஜாமீன் கிடைக்காது.

நீதிமன்றங்கள் நகைச்சுவைக்கு எதிரானவை அல்ல. சிறுமலைக்குக் குடும்பத்துடன் சென்ற ஒருவர், "துப்பாக்கிப் பயிற்சிக்காக" என்று வேடிக்கையாக முகநூலில் எழுதியதற்குப் போடப்பட்ட வழக்கை, 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. எனினும் தீர்ப்பு வருவதற்கு முன் நடப்பவைதான் ஆளை முடக்குகின்றன: மத உணர்வைப் புண்படுத்தியதாக அதே ஆண்டு ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதான ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனாவர் ஃபாரூக்கிக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் வழங்கியது பிப்ரவரி 5 அன்றுதான். மதம் தொடர்பான குற்றச்சாட்டில் உள்நோக்கம்தான் முதலில் ஆராயப்படும். அரை நிமிட வீடியோத் துணுக்கில் அது தெரியாது. ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியின் முழுப் பதிவையும், எழுத்துப் பிரதியையும் தேதியுடன் பத்திரப்படுத்தி வையுங்கள்.