கனடாவில் சுற்றுலாக் கூட்டம் அதிகம் போகாத, ஆனால் பார்த்தே தீர வேண்டிய கிராமம் எது?

என்னைக் கேட்டால் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சர்ச் பாயின்ட். ஹாலிஃபாக்ஸிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பெரிய கடைவீதியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கடலோரச் சாலை, அதை ஒட்டி வீடுகள், 1890-ல் தொடங்கிய செயின்ட் ஆன் என்ற பிரெஞ்சுப் பல்கலைக்கழகம். அவ்வளவுதான் ஊர்.

இங்கிருப்பவர்கள் அகேடியர்கள், அதாவது 17-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். பிரிட்டிஷ் அரசுக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால், 1755 முதல் இவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப அனுமதி கிடைத்தபோது, பழைய வளமான நிலங்களில் வேறு ஆட்களைக் குடியேற்றியிருந்தார்கள். மிஞ்சியது இந்தப் பாறைக் கரை. விவசாயம் செய்தவர்கள் மீன்பிடிக்கப் போனது அப்படித்தான்.

இப்படிப்பட்ட ஊரில்தான் வட அமெரிக்காவின் மிகப் பெரிய மரத் தேவாலயம் நிற்கிறது! 1903 முதல் 1905 வரை கட்டியது. கோபுரம் சுமார் 56 மீட்டர். கடல் காற்றில் சாயாமல் இருக்க அடியில் 40 டன் கல்லைப் பாரமாக வைத்திருக்கிறார்கள். தலைமைத் தச்சர் லியோ மெலான்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை.

ஆனால் 2019-க்குப் பிறகு அங்கே வழக்கமான பூசை கிடையாது. பழுதுபார்க்க ஆகும் மில்லியன்களுக்கு இந்தச் சின்ன ஊர் எங்கே போகும்? உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியே நின்று பார்க்கவாவது போகலாம் என்பேன்.

கோவிலை மூடினாலும் மாதாவை இவர்கள் விடவில்லை. 1884-ல் தேர்ந்தெடுத்த அகேடியக் கொடியில் உள்ள தங்க நட்சத்திரம் மாதாவின் அடையாளம். விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15 தான் இவர்களின் தேசிய நாள். அன்று சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போவார்கள். பூசைக்கே போகாத இளவட்டங்களும் இதற்கு வந்துவிடுவார்கள். முடிந்தால் அந்தச் சமயத்தில் போங்கள்.

அப்புறம், ராப்பி பை சாப்பிடாமல் வராதீர்கள். உருளைக்கிழங்கைத் துருவி, சாறு முழுவதையும் பிழிந்துவிட்டு, கொதிக்கும் கோழி ரசத்தை ஊற்றிப் பிசைந்து, நடுவில் கோழிக்கறி வைத்து ஓவனில் வேகவைப்பார்கள். பார்க்கக் களி மாதிரி கொழகொழவென்று இருக்கும். காரம் துளியும் கிடையாது. மேலே வெண்ணெய் போட்டுக்கொண்டால் நன்றாக இறங்கும்.