140 கோடிப் பேர் இருந்தும் ஒலிம்பிக் பதக்கம் இந்தியாவுக்கு ஏன் எட்டாக்கனியாக இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் தலையை எண்ணித்தான் தொடங்குகிறார்கள். ஒலிம்பிக்கில் அந்தக் கணக்கு செல்லாது. தடகளத்தில் ஒரு போட்டிக்கு ஒரு நாடு அதிகபட்சம் மூன்று பேரைத்தான் அனுப்ப முடியும், நீச்சலில் இரண்டு பேரை. 140 கோடிப் பேர் இருந்தாலும் அதே மூன்று இடம்தான். கூட்டம் பெரிதாக இருப்பதால் கிடைக்கக்கூடிய ஒரே நன்மை, அந்த மூன்று பேரைத் தேடிப் பொறுக்கி எடுக்கலாம் என்பது. நாம் தேடுவதில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டவர்களையும் பதினைந்து வயதில் கைவிட்டுவிடுகிறோம்.

கரீபியன் கடலில் செயின்ட் லூசியா என்றொரு தீவு இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 1.8 லட்சம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர். எங்களில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத அந்தத் தீவின் ஜூலியன் ஆல்ஃபிரெட், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.72 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். 200 மீட்டரில் வெள்ளி. 117 பேரை அனுப்பிய நாம் ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலத்துடன் திரும்பினோம். பதக்கப் பட்டியலில் அந்தத் தீவு நமக்கு மேலே இருந்தது.

நான் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் ஒரு கடற்கரைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். என்னிடம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் வந்தாள். அம்மா தலைச்சுமையாக மீன் விற்பவர். எங்கள் மைதானம் வெறும் மண். சுண்ணாம்புப் பொடி தூவித்தான் கோடு போட வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு, எனவே போட்ட கோடு பாதி நாள் இருக்காது. அந்தத் தரையில், வெறுங்காலில், 400 மீட்டரை அவள் 62 விநாடியில் ஓடினாள். நம்ப முடியாமல் மறுநாள் மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தேன். 62 தான்.

குறுவட்டப் போட்டியில் முதலிடம், வருவாய் மாவட்டப் போட்டியிலும் முதலிடம். மாநிலப் போட்டிக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே போனோம். அங்கேதான் அவள் முதன்முதலாக சின்தெடிக் ஓடுதளத்தை மிதித்தாள். அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ இன்னொரு பள்ளிப் பிள்ளையிடம் இரவல் வாங்கியது. ஒரு அளவு பெரிது. முன்பக்கத்தில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துக் கொடுத்தேன். நான்காவதாக வந்தாள். முடிந்ததும் ஷூவைக் கழற்றி, காகிதத்தை வெளியே எடுத்து, உள்ளே துடைத்துவிட்டு, உரியவளிடம் கொடுத்து நன்றி சொன்னாள். அதன் பிறகுதான் அழுதாள்.

பத்தாம் வகுப்புத் தொடங்கியதும் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். "சார், இந்த ஒரு வருஷம் மட்டும் அவளை விட்டுவிடுங்கள்" என்றார். மார்க் வந்தால் நர்சிங் சேர்க்கலாம், வெளிநாடு போனால் வீட்டுக் கடன் அடையும். என்னிடம் பதில் இல்லை. ஓடினால் என்ன கிடைக்கும் என்று அந்த அம்மாவிடம் நான் எதைக் காட்டுவேன்? அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது வென்றவர்களுக்கானது. வெல்வதற்கு முன்னால் இருக்கும் ஆறேழு ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது? அவள் இப்போது வளைகுடாவில் நர்ஸாக இருக்கிறாள். அந்த அம்மா எடுத்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அவள் ஒலிம்பிக் வரை போயிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. போயிருப்பாளா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே இந்த நாடு இழந்துவிட்டது.

ஜூலியன் ஆல்ஃபிரெட்டும் வசதியான வீட்டுப் பிள்ளை அல்ல. பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தவர். ஆனால் பதினான்கு வயதில், உதவித்தொகையோடு ஜமைக்காவில் ஒரு பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம். எங்கள் பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்துகிற அதே வயதில் அவரைத் தாங்க ஒரு கை நீண்டது. ஜமைக்காவில் 1910 முதல் பள்ளிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி நடக்கிறது. ஊரே திரண்டு அரங்கத்தை நிரப்புகிறது. எங்கள் குறுவட்டப் போட்டிக்குப் பெற்றோர் கூட வருவதில்லை.

எல்லோரும் கிரிக்கெட்டின் பின்னாலேயே போவதுதான் காரணம் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தூத்தூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், கடற்கரை முழுக்கக் கால்பந்துதான். உடல்வாகு இல்லை என்பதும் வெறும் பேச்சு. ஐந்தடி கூட இல்லாத மீராபாய் சானு டோக்கியோவில் பளுதூக்கி வெள்ளி வாங்கினார். அவருடைய மணிப்பூரில் 2011இல் 29 லட்சம் பேர் கூட இல்லை. ஹரியானாவைப் பாருங்கள்: நாட்டு மக்கள்தொகையில் சுமார் 2 சதவீதம். பாரிஸின் ஆறு பதக்கங்களில் நான்கை அந்த மாநிலத்துப் பிள்ளைகள் வென்றார்கள். அங்கே கிராமத்துக்குக் கிராமம் மல்யுத்தக் கூடம் இருக்கிறது; வென்றால் அரசு வேலையும் பணமும் உண்டு என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு அப்பாவிடம் பேசப் போகும் ஆசிரியருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

எங்கள் பள்ளியிலோ பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளை ஜூலையிலேயே கணக்குக்குப் போய்விடுகிறது.

இப்போது ஏழாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். நீளம் தாண்டுகிறாள். இந்த முறை பத்தாம் வகுப்பு வரும் வரை நான் காத்திருக்கவில்லை. போன வாரமே அவள் வீட்டுக்குப் போனேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் தந்தார்கள். அரசு விளையாட்டு விடுதியில் ஏழாம் வகுப்பிலிருந்தே சேர்க்கிறார்கள், உணவும் தங்குமிடமும் பயிற்சியும் அங்கேயே என்று சொன்னேன். அப்பா கடலுக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.